நைனா இடுப்பிலிருந்து எடுத்த இரும்புக் குண்டை ஏன் வீட்டில் வைத்திருக்கிறோம்

எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் கூறைப்புடவைக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் ஜாடி இருக்கிறது. வாயில் துணி கட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டது. உள்ளே ஓர் உலோகக் குண்டும் ஒரு கிண்ணமும். 2009 நவம்பரிலிருந்து 2019 செப்டம்பர் வரை நைனாவின் இடது இடுப்புக்குள் இருந்தவை. டாக்டர்கள் கோபால்ட் குரோமியம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இரும்புக் குண்டு.

"ஒடம்புலேர்ந்து எடுத்துப் போட்டத எவனாவது வூட்ல வெச்சிருப்பானா? காசிமேட்டாண்ட போயி கடல்ல கடாசிட்டு வா" என்று அம்மா மாதம் ஒருமுறையாவது சொல்வாள். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு, சில வருஷத்தில் வலி திரும்பி வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று எக்ஸ்ரேயைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வடசென்னையில் எங்கள் ஒரு வீட்டில் மட்டும் இருக்க மாட்டார்கள்.

நைனா டிரெய்லர் ஓட்டியவர். ஹார்பரிலிருந்து மணலி, எண்ணூர் பக்கத்து யார்டுகளுக்குக் கன்டெய்னர் அடித்தவர். 2007-இல் கேபினிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. ஸ்க்ரூ போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் பந்து மாதிரி இருக்கும் அதன் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய் அது மெல்லச் செத்துவிட்டது. இப்படி முறிந்தவர்களுக்கு இது வரக்கூடியதுதான் என்றார்கள். மூட்டையே மாற்ற வேண்டும். நைனாவுக்கு அப்போது 49 வயது. "வயசு கம்மி, இன்னும் நெறைய வருஷம் ஓடணும், மெட்டல் மேல மெட்டல் போடுவோம், தேயவே தேயாது" என்று தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். அம்மாவின் செயின், என் வளையல் எல்லாம் சேட்டுக் கடைக்குப் போய், மொத்தம் 2 லட்சத்து 10 ஆயிரம் கட்டினோம். பில்லில் 'இம்ப்ளான்ட் சார்ஜ்' என்று ஒரே வரி. எந்தக் கம்பெனி, என்ன மாடல், எதுவும் கிடையாது. நாங்களும் கேட்கவில்லை. கடையில் மிக்ஸி வாங்கினால் வாரண்டி கார்டைப் பத்திரப்படுத்துகிற குடும்பம் நாங்கள்.

முதல் நாலைந்து வருஷம் நன்றாகத்தான் இருந்தது. திரும்ப வண்டி ஏறினார். இடது கால், கிளட்ச் மிதிக்கிற கால். 2014 வாக்கில் கவட்டியில் வலி ஆரம்பித்தது. பிறகு உட்கார்ந்து எழுந்தால் ஒரு சத்தம். "பேன் பெல்ட்டு லூசானா கத்துமே, அந்த மாரி உள்ள கிறீச்சுனுதும்மா" என்பார். தெருவில் இருந்த கிளினிக், பெரிய ஆஸ்பத்திரி, அறுவை செய்த அதே இடம் என்று எல்லா இடத்துக்கும் போனோம். வலி மாத்திரை, கால்சியம், பிசியோதெரபி. ஒவ்வொரு சீட்டையும் அம்மா சமையலறைக் கம்பியில் குத்திவைத்தாள், கரன்ட் பில்லோடு சேர்த்து. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தச் சீட்டுகள் பின்னால் எங்களை எப்படிக் காப்பாற்றின என்பதற்கு வருகிறேன்.

2018 நவம்பர் கடைசியில் டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு நைனா நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். இடுப்பு மூட்டு கெட்டுப்போனவர்களுக்கு 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 23 லட்சம் வரை இழப்பீடு, மத்திய அரசு ஏற்றது என்று செய்தி. "தபாரு, நம்ம கேஸு பேப்பர்லயே வந்துகீது!"

அது நம்ம கேஸ் இல்லை என்று தெரிய எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கும் பலர் அதே நம்பிக்கையில் இருக்கிறார்கள். அது ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டெப்யூ தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்ற ஒரு குறிப்பிட்ட வகை மூட்டு. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலும் திரும்பப் பெறப்பட்டது. ஐந்தே வருஷத்துக்குள் நூற்றில் 12, 13 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டதாக பிரிட்டனின் மூட்டு மாற்றுப் பதிவேடு காட்டியிருந்தது. உலகில் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது, இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு. அமெரிக்காவில் 2013-இலேயே 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆகிவிட்டது. நம் ஊரில் 2017-இல்தான் டாக்டர் அருண் அகர்வால் தலைமையில் நிபுணர் குழு போட்டார்கள். அது குறைந்தது 20 லட்சம் என்றது. அடுத்து டாக்டர் ஆர்.கே. ஆர்யா தலைமையிலான குழு வயதையும் ஊன சதவீதத்தையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டு, அதன் மேல் வலி வேதனைக்கு என்று 10 லட்சம் சேர்த்தது. பேப்பரில் வந்த தொகை அதுதான். கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2019 மே மாதம், மறு அறுவை செய்துகொண்டது சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர முன்வந்தது. 4,700 எங்கே, 67 எங்கே? மிச்சப் பேரில் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யாருக்கு எந்த மூட்டு வைத்தோம் என்று எழுதிவைக்கும் கட்டாயப் பதிவேடு நம்மிடம் இல்லை.

ஆக முதல் கேள்வி: நைனாவுக்குள் இருப்பது எது?

நான் வேலை செய்வது பாரிமுனைப் பக்கம், லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். இறக்குமதிச் சரக்கின் பேப்பர் வேலை. ஒரு பெட்டி எந்த நாட்டில் செய்தது, எந்த லாட், அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது, யார் இறக்கியது, எந்த லைசென்ஸில் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியவள். அதனால் ஒன்று தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவப் பொருளின் பெட்டியில் லேபிள் இல்லாமல் இருக்கவே இருக்காது. ஆபரேஷன் தியேட்டரில் அந்தப் பெட்டியை உடைக்கும்போது உள்ளே ஒட்டக்கூடிய சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் நாலைந்து இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று பில்லில், ஒன்று நோயாளியின் கார்டில் ஒட்ட வேண்டியது. குண்டுக்கு ஒன்று, கிண்ணத்துக்கு ஒன்று, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுக்கு ஒன்று. மாடல் எண், லாட் எண், தயாரிப்பாளர் எல்லாம் அதில் வரும்.

மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் போய்க் கேட்டேன். "மூணு வருஷத்துக்கு மேல வெக்கிறதில்ல மேடம்" என்றார்கள். அதில் தப்பில்லை. உள்நோயாளிப் பதிவுகளை 3 வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதே மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. அதே விதிதான், நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2009-லேயே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் முழு கேஸ் ஷீட்டும் கையில் இருந்திருக்கும். வீட்டில் இப்போது யாருக்காவது இந்த அறுவை நடக்கப்போகிறது என்றால், டிஸ்சார்ஜ் சம்மரி போதும் என்று வந்துவிடாதீர்கள். அதில் 'மூட்டு மாற்றப்பட்டது, நோயாளி நலம்' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆபரேஷன் குறிப்பும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமும் வேண்டும். அதைப் போனில் படம் பிடித்து மூன்று பேருக்கு அனுப்பிவையுங்கள்.

எங்களுக்கு ஸ்டிக்கர் கிடைத்த இடம் விசித்திரமானது. நைனா வேலை செய்தபோது விழுந்தவர் என்பதால் வண்டி முதலாளி இன்சூரன்ஸில் கேட்டிருந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் அவருடைய ஷெட்டில், டயர்களுக்கு நடுவே ஓர் இரும்பு அலமாரி. அண்ணாச்சி ரொம்ப நேரம் தூசி தட்டி ஒரு ஃபைலை எடுத்தார். "பத்து வருசத்துக்கு முந்தினதப்பா இது. எலி தின்னாம இருக்குதே" என்றார். உள்ளே இன்சூரன்ஸுக்குப் போன எங்கள் பில் பிரதியின் ஜெராக்ஸ். அதன் பின்பக்க ஜெராக்ஸில் மூன்று ஸ்டிக்கர்.

ஏ.எஸ்.ஆர். இல்லை. வேறொரு கம்பெனி. அந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடைக்காது. லாட் எண்ணில் ஓர் எழுத்து மங்கிப்போய் 3-ஆ 8-ஆ என்று சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி நைனா சாப்பிடவில்லை. எனக்கும் கை கால் ஓய்ந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் கழித்து ஆபீசில் உட்கார்ந்து அந்த ஜெராக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. கம்பெனி வேறாக இருந்தாலும் குண்டும் உலோகம், கிண்ணமும் உலோகம். ஜாதி ஒன்றுதான். அரசுத் திட்டம் இல்லை என்றால் இழப்பீட்டு உரிமையே இல்லை என்று யார் சொன்னது?

ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம், முன்பு பார்க்காதவர். அவர்தான் முதன்முதலில் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பார்க்கச் சொன்னார். இந்தப் பரிசோதனையை எந்த லேபிலும் எடுத்துவிட முடியாது. உலோகக் கலப்பில்லாத தனி டியூபில் ரத்தம் எடுக்க வேண்டும், சாதாரண டியூபில் எடுத்தால் ஊசியிலிருந்தும் டியூபிலிருந்தும் வரும் உலோகமே கணக்கைக் கெடுத்துவிடும். லேபில் முதலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் கவனி என்பது பிரிட்டன் மருத்துவக் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்த அளவு. நைனாவுக்குக் கோபால்ட் 31. உலோகம் படத்தைக் கெடுக்காதபடி எடுக்கும் தனி முறை எம்.ஆர்.ஐ.யில், மூட்டைச் சுற்றி நீர் கோத்த கட்டி. புற்றுக்கட்டி இல்லை, உலோகத் தூளைச் சதை எதிர்த்துப் போராடியதில் வந்தது.

டாக்டர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். ரெண்டு உலோகமும் உரசும், கண்ணுக்குத் தெரியாத தூள் விழும், அது சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் அரிக்கும் என்று. நைனா பாதியில் நிறுத்தினார். "டாக்டர், ஆயில் மாத்தும்போது இரும்புத் தூள் வந்தா, இன்ஜின் தன்னையே துன்னுதுன்னு அர்த்தம். அதானே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதேதான் ஐயா."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், இதைப் படித்துவிட்டு யாரும் மூட்டு மாற்றவே பயந்துவிடக் கூடாது. இப்போது பெரும்பாலும் வைப்பது உலோகம் அல்லது செராமிக் குண்டு, எதிரில் கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம். நன்றாக உழைக்கிறது. பழைய உலோக மூட்டு வைத்த எல்லோருக்கும் கெடவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து மூட்டு உள்ளே இருந்து, கவட்டியில் வலியோ சத்தமோ வீக்கமோ வந்தால், எக்ஸ்ரே மட்டும் போதாது.

மறு அறுவைக்குத் தேதி குறித்ததும் நான் ஒரு வக்கீலைத் தேடினேன். முதலில் பார்த்தவர் "வர்றதுல இருபது பர்சன்ட் குடுத்துடுங்க" என்றார். வெளிநாட்டில் அப்படி உண்டாம், விளம்பரமே கொடுக்கிறார்கள். இங்கே வழக்கின் பலனில் பங்கு கேட்பதைப் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. எழுந்து வந்துவிட்டேன். அடுத்துப் பார்த்தது ஐகோர்ட் எதிரே சின்ன அறையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. அவர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்டார்.

"இல்ல மேடம், அடுத்த வாரம்."

"நல்ல வேளை. வெளிய எடுக்கிறத வாங்கிடுங்க. அதுதான் உங்க வழக்கு."

இது என் மண்டையில் உதித்ததே இல்லை. அவர் சொன்னபடி டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் கடிதம் கொடுத்து, பெற்றதற்குச் சீல் வாங்கிக்கொண்டேன். அகற்றப்படும் எல்லாப் பாகங்களும் எங்களுக்கு வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. சுற்றியுள்ள சதையைப் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். உள்ளே கண்டதை ஆபரேஷன் குறிப்பில் விரிவாக எழுத வேண்டும். இவ்வளவுதான் கடிதம். மருத்துவமனையில் முதலில் "அது பயோமெடிக்கல் வேஸ்ட், வெளிய தர மாட்டோம்" என்றார்கள். கடிதமும் டாக்டரின் ஒப்புதலும் இருந்ததால் சுத்தப்படுத்திக் கொடுத்தார்கள். இதற்கு நடுவே, டை கட்டிய ஒரு பையன் வார்டு வாசலில் வந்து, "எங்க லேபுக்கு அனுப்பி ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தர்றோம் மேடம்" என்றான். பழைய மூட்டுக் கம்பெனிக்காரன். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்று வரை தெரியாது. அவன் நல்ல எண்ணத்தில் கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டால் திரும்பி வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கஸ்டம்ஸில் சாம்பிள் எடுத்தால் எப்படிச் சீல் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதேபோல் செய்தேன். ஸ்கேல் வைத்துப் படம், ஜாடியில் போட்டு, துணி, நூல், அரக்கு, டியூட்டி டாக்டர் கையெழுத்து, என் கையெழுத்து, தேதி, நேரம். சீல் வைக்கும் முன் அம்மா பார்த்துவிட்டு, "கறுப்பா கெடக்குது, கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சிக் குடுக்கட்டா?" என்றாள். நல்ல வேளை, கூடவே இருந்தேன். அந்தக் கறுப்பும் கீறலும்தான் சாட்சி.

இன்னொன்றும் அன்று கண்டோம். குண்டின் உட்குழியிலும் கிண்ணத்தின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் பொறித்திருந்தது. மாடல் எண், லாட் எண். ஜெராக்ஸில் மங்கியிருந்த எழுத்து 8.

நோட்டீஸ் அனுப்பி, பதில் வராமல், கொரோனா வந்து, 2021 ஜனவரியில்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். கொடுத்த பணத்தை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது முடிவாகும், கேட்கிற இழப்பீட்டை வைத்து இல்லை. இப்போதைய விதியில் 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்டம். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாக வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த வழி அவ்வளவு சுலபம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்கள் வக்கீலிடம் வேறு வழி கேட்க வேண்டும்.

யார் மேல் வழக்கு என்பதில் எனக்கும் வக்கீலம்மாவுக்கும் சண்டையே வந்தது. 2009-இல் அறுவை செய்த டாக்டரைத்தான் முதலில் இழுக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். "அவர் தப்பா வெச்சாரா, இல்ல வெச்ச பொருள் தப்பா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டரின் அலட்சியம் என்றால் பெரும்பாலும் இன்னொரு டாக்டர் வந்து அதைச் சொல்ல வேண்டும், சொல்ல மாட்டார்கள். பொருளின் குறை என்றால் பொருளே பேசும். கடைசியில் இறக்குமதியாளர் முதல் எதிர்மனுதாரர், விநியோகஸ்தர் இரண்டாவது, மருத்துவமனை மூன்றாவது. டாக்டரைத் தனியாகச் சேர்க்கவில்லை. அவர் சரி என்பது முடிவாகிவிட்டதால் இல்லை, நாங்கள் நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதினோம். நைனாவுக்குக் காது மந்தமாகியிருந்தது. கோபால்ட் ஏறினால் காது பாதிக்கலாம் என்று படித்திருந்தேன். ஆனால் முப்பது வருஷம் டிரெய்லர் கேபினில் உட்கார்ந்த காது அது. சேர்க்க வேண்டாம் என்றார் வக்கீலம்மா. ஒன்றை மிகைப்படுத்தினால் மீதி எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

எதிர்த்தரப்பு பிடித்த பிடி, நான் பயந்த இடத்தில் இல்லை. மூட்டில் குறை இல்லை என்று வாதிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வைத்த முதல் வாதம் காலாவதி. அறுவை 2009, வழக்கு 2021, சட்டப்படி இரண்டு வருஷம்தான். நாங்கள் சொன்னது, காரணம் தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு, எங்களுக்குத் தெரிந்தது 2019-இல் என்று. அதற்கு அவர்கள் உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பு ஒன்றைக் காட்டினார்கள். 1993-இல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட ஒரு பெண், வயிற்றில் விட்டுவிட்ட துணி 2002-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வழக்குப் போட்டார். அத்தனை வருஷம் வலி இருந்தும் ஏன் காரணத்தைத் தேடவில்லை என்று கேட்டு, வழக்குக் காலம் கடந்தது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம்.

எண்ணெய்ப் பிசுக்குச் சீட்டுகள் அங்கேதான் வேலை செய்தன. 2014 முதல் 2018 வரை 23 சீட்டு. ஒவ்வொன்றிலும் தேதி, 'இடது இடுப்பு வலி'. இரண்டில் 'எக்ஸ்ரே சரியாக உள்ளது'. நாங்கள் தேடிக்கொண்டுதான் இருந்தோம், சொல்லத்தான் ஆளில்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அதான் கம்பில குத்தி வெச்சேன்" என்றாள், என்னமோ சட்டம் படித்துவிட்டு வைத்த மாதிரி. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் காலக்கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும் துணைக்கு நின்றது. அதே உத்தரவைக் காட்டித்தான் அவர்களும் பதில் மனுவைத் தாமதமாகப் போட்டார்கள் என்பது வேறு கதை.

வருமானக் கணக்குத்தான் எங்கள் பலவீனம். டிரெய்லர் ஓட்டுபவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? டிரிப்புக்கு இவ்வளவு, படி இவ்வளவு, எல்லாம் கையில். அண்ணாச்சி ஒரு சான்று எழுதிக் கொடுத்தார், கனரக லைசென்ஸ் நகலும் இணைத்தோம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஊன சதவீதச் சான்றும் வாங்கினோம். ஆனாலும் ஆணையம் நாங்கள் சொன்ன வருமானத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகவாவது பணத்தைப் பாங்கில் போட்டு எடுத்திருந்தால் பாஸ்புக் பேசியிருக்கும்.

ஒரு வாய்தாவுக்கு ஜாடியைக் கொண்டுவரச் சொன்னார்கள். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ. மஞ்சப்பையில் ஜாடி. ஸ்கேனரில் போட்டதும் பெல்ட்டை நிறுத்திவிட்டார் செக்யூரிட்டி. திரையில் வட்டமாக ஒரு குண்டு. "இன்னா சார் இது?" என்கிறார். அதே நேரம் மெட்டல் டிடெக்டருக்குள் நுழைந்த நைனாவும் பீப் பீப் என்கிறார், புது மூட்டிலும் தண்டு உலோகம்தானே. "அதுவும் என் இடுப்புதான், இதுவும் என் இடுப்புதான் தம்பி" என்று விளக்கி, டிஸ்சார்ஜ் சம்மரி காட்டி, மேலதிகாரி வந்து, ரயிலை விட்டோம். ஆணையத்தில் சீலை உடைத்து, உறுப்பினர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து லாட் எண்ணைப் படித்து, ஜெராக்ஸோடு ஒப்பிட்டு, திரும்பச் சீல் வைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இறக்குமதியாளரின் வக்கீல் அதுவரை 'இது எங்கள் பொருள்தானா என்பதே சந்தேகம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு அந்த வரியை எடுக்கவே இல்லை.

2023-இல் உத்தரவு வந்தது. மருத்துவமனை மேல் குறை நிரூபிக்கப்படவில்லை. இறக்குமதியாளர் மறு அறுவைச் செலவு 4 லட்சத்து 60 ஆயிரமும், இழப்பீடாக 12 லட்சமும், 9 சதவீத வட்டியோடு தர வேண்டும். பேப்பரில் பார்த்த 30 லட்சம் இல்லை. நைனா உத்தரவைத் தடவிப் பார்த்துவிட்டு, "செயின மூட்டுடலாம்ல?" என்று மட்டும் கேட்டார். செயின் ஏலத்தில் போய்ப் பத்து வருஷம் ஆகிறது என்று அம்மா அவரிடம் சொன்னதே இல்லை.

இறக்குமதியாளர் தரப்பில் மாநில ஆணையத்தில் அப்பீல் போட்டிருக்கிறார்கள். உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டினால்தான் அப்பீலே எடுப்பார்கள், கட்டிவிட்டார்கள். பணம் ஆணையத்தில் கிடக்கிறது, எங்கள் கைக்கு வரவில்லை. நைனா இப்போது கைத்தடி வைத்துத் தெருமுனை டீக்கடை வரை போகிறார். வண்டி ஏறுவதில்லை. போன வாரம் அடுத்த வாய்தா தேதி வந்திருப்பதைச் சொன்னேன். காதில் சரியாக விழவில்லை போல, இன்னொரு தடவை சொன்னேன்.

"அந்தக் குண்டையும் எட்த்துனு வரணுமா?" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து, "வர்றப்ப மட்டும் அத அங்கியே வுட்டுட்டு வாங்க" என்றாள்.